ஏணி மேல் ஒரு குரல்

வயரிங்காரருக்கு ஏணியில் ஏறினால் வாய் ஓயாது. "மெயினை இறக்கிட்டியா? இறக்கிட்டேன். டெஸ்டர் வெச்சியா? வெச்சேன். அப்பச் சரி, தொடு." பதினேழு வயதில் கரண்ட் தூக்கி எறிந்ததிலிருந்து இப்படித்தான், தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வார்.

"மாமா, மேல எத்தனை பேரு இருக்கீங்க?" என்பான் கூட வேலை பார்க்கும் மச்சினன்.

அந்த மாதம் அருங்காட்சியகத்தில் ஆதி மனிதனுக்கென்று ஒரு கூடம் கட்டினார்கள். விளக்கும் ஸ்பீக்கரும் பொருத்துவது இவர்கள் வேலை. மூன்றாம் நாள் மேஸ்திரி கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, மண்டைல எதுவும் கழண்டு போச்சா? இன்னொரு தடவை தனியாப் பேசினே, வேற ஆளைப் போட்டுருவேன்."

வயரிங்காரருக்கு முகம் சுண்டிப்போனது. அவருக்கே அந்தப் பயம் உண்டு. அவருடைய அப்பாவும் கடைசியில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவர்தான்.

மறுநாள் மெயினை இறக்கிவிட்டு, வாயைத் தைத்துக்கொண்டு ஏறினார். ஒயரைத் தொடப் போன கை பாதியில் நின்றது. இன்று ஒன்றுமே கேட்டுக்கொள்ளவில்லையே! டெஸ்டரை வைத்தார். அதன் விளக்கு எரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சத்தமே கேட்காததால் மாமா இன்னும் ஏறவில்லை என்று நினைத்து, ஸ்பீக்கரைச் சோதிக்க மச்சினன் மெயினைப் போட்டிருந்தான்.

ஸ்பீக்கரும் பேச ஆரம்பித்தது:

"உள்ளே கேட்கும் குரல் தன்னுடையதுதான் என்று மனிதன் எப்போது அறிந்தான்? உறுதியாக யாருக்கும் தெரியாது. பழங்கால மனிதன் அதை வேறு யாரோ இடும் கட்டளை என்றே நம்பியிருக்கலாம் என்பது சிலர் கருத்து. கல் செதுக்கப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பேச்சே பிறகு மனத்துக்குள் குடியேறியது என்பார்கள் வேறு சிலர்."

வயரிங்காரர் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் கல்லோடு ஒருவன். 'பாத்து அடி' என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. எப்படி நடுங்கியிருப்பான்! அப்புறம் எத்தனையோ தலைமுறை போய், எவனோ ஒருத்தன், 'அட, நான்தானா!' என்று நின்றிருப்பான். வயரிங்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மேஸ்திரி வந்தார். "என்ன, குந்திட்டே?"

"பேசினா நீங்க அனுப்பிருவீங்க. பேசலைன்னா கரண்ட் அனுப்பிரும். எதுன்னு சொல்லுங்க மேஸ்திரி." நடந்ததைச் சொன்னார்.

மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது. "பேசித் தொலைப்பா. ஊரே கேக்கட்டும்."

"மொதமொதல்ல அந்தக் குரலைக் கேட்டவன், யாருன்னு தேடியிருப்பான்ல?" என்றார் வயரிங்காரர்.

மேஸ்திரி ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். மச்சினன் பக்கம் திரும்பி, "அதை மறுபடி போடு" என்றார்.