உலைக்கு முன்னால் வைத்த புள்ளி

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் பின் செய்கிறோம். கட்டைவிரலைவிடத் தடித்த இரும்புத் துண்டு, ஒரு முனையில் தலை. அதை மின்சார உலையில் சிவக்கக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் எண்ணெயில் முக்கினால்தான் உறுதிப்படும். முக்காத பின் பாரம் இழுக்கும்போது வளைந்துவிடும். இந்த வேலை முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தலையில் ஒரு புள்ளி குத்துவோம்.

ஆனால் பின் உலைக்குப் போகும் முன்பே அந்தப் புள்ளியைக் குத்திவிடுவது எங்கள் பட்டறை வழக்கம். சேர்ந்த புதிதில், இது தப்பில்லையா என்று கேட்டேன். உலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கல்வராயன் மலைக்காரர். காய்ச்சி முக்கி முடித்த ஒரு பின்னை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"டிப்ளமா படிச்சவரு, நீங்களே குத்துங்க பாக்கலாம்."

சுத்தியலால் ஓங்கி அடித்தேன். புள்ளி குத்தும் உளியின் முனைதான் மழுங்கியது.

"காய்ச்சினப்புறம் அது யாரு பேச்சும் கேக்காது தம்பி. அதான் முன்னாடியே குத்திக்கினு இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து அந்தப் புள்ளிகளை நானே குத்தினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெருவில் யாருக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நேரில் பார்க்காததற்கெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கேட்பவர்கள் தெரிந்தவர்கள், பொய் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கை. புள்ளி குத்தும்போதும் அதே நம்பிக்கைதான்.

ஒருநாள் உலை பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பின்கள் உள்ளேயே மெல்ல ஆறின. அவற்றை மறுபடி காய்ச்ச வேண்டும் என்று அண்ணன் தட்டோடு வெளியே எடுத்து வைத்துவிட்டு, மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். பிறகு வந்த நான் பார்த்தேன். உலையிலிருந்து வருபவை போலவே கறுத்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் என் புள்ளி. தொட்டால் கையில் எண்ணெய் ஒட்டவில்லை. அது எனக்குத் தெரியத்தான் தெரிந்தது. யாரோ துடைத்திருப்பார்கள் என்று நினைத்து, மூட்டை கட்டி டிராக்டர் சாமான் கடைக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அண்ணன், "அந்தத் தட்டு எங்க தம்பி?" என்று கேட்டார். "கரண்ட் போயி ஆறிப்போனது, மறுபடி காய்ச்சணும்."

கடைக்கு ஓடினேன். ஒன்றைத் தவிர எல்லாம் அங்கேயே இருந்தன. அந்த ஒன்றைக் கச்சிராயபாளையத்து டிராக்டர்காரர் வாங்கிப் போயிருந்தார். முதலாளிக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணுதானே? வளைஞ்சா எடுத்துக்கினு வருவான். மாத்திக் குடுத்துக்கலாம்" என்றார்.

அந்த டிராக்டர் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் ஏற்றிப் போவது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஏற்றத்தில் பின் வளைந்து டிரெய்லர் கழன்றுகொண்டால், மாற்றிக் கொடுக்க எடுத்து வருவதற்கு யார் இருப்பார்கள்? நல்ல பின் ஒன்றும், இரும்பு உறுதிப்பட்டதா என்று ராவிப் பார்க்க ஓர் அரமும் எடுத்துக்கொண்டு, கூட வேலை செய்பவரின் வண்டியை இரவல் வாங்கிப் போனேன்.

கச்சிராயபாளையத்து டீக்கடை வாசலில் டிராக்டர் கிளம்பத் தயாராக நின்றது. டிரெய்லரில் கூலிக்குப் போகும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா வயதுதான் பலருக்கும். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா தம்பி, புள்ளி வெச்சிகீது, அப்புறம் காய்ச்சலன்ற?"

"அந்தப் புள்ளிய நான்தாங்க வெச்சேன். காய்ச்சறதுக்கு முன்னாடியே வெச்சது."

"முன்னாடியேவா? எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்ங்க."

டிரெய்லரிலிருந்து ஓர் அம்மா குரல் கொடுத்தார். "நீங்க பேசிக்கினே இருந்தா கெழங்கு தானா நடந்து எறங்கி வந்துடுமா?"

"நீ நடந்து போவாம இருக்கத்தான் பேசிக்கினு இருக்கோம், கம்முனு இரு" என்றார் டிரைவர். பின்னைக் கழற்றி அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தார். அரம் கடித்தது. வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. நான் கொண்டுபோனதையும் இழுத்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டின் தலையிலும் ஒரே மாதிரிப் புள்ளி.

நல்லதைப் போட்டுக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. அரத்தை மட்டும் தன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, அரம் பட்டறையோடதுங்க."

"இருக்கட்டும். இனிமே உங்ககிட்ட வாங்கினா எனக்கு இது வோணும்."

கழற்றிய பின்னை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.