வெள்ளைப் பீங்கானில் ஒரு சிவப்பு

நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த லண்டன் வீட்டில் குளியலறை ஒன்றுதான். அதன் கண்ணாடிக்குக் கீழே ஒரு கிளாஸ் தண்ணீர். தண்ணீருக்குள் முழுசாக இரண்டு வரிசைப் பற்கள். முதல் நாள் கண்டபோது ‘யா அல்லாஹ்’ என்று கதவோடு ஒட்டிக்கொண்டேன். வீட்டுக்காரி மிஸிஸ் ஹார்ப்பருடைய பற்கள் அவை. அவருக்கு நாற்பது வயதுகூட இராது. கலியாணத்துக்கு முன்பே அவருடைய தகப்பன் எல்லாப் பல்லையும் பிடுங்க வைத்துப் பொய்ப்பல் கட்டிக் கொடுத்தாராம். வரப்போகிற மாப்பிள்ளைக்குப் பல் வைத்தியச் செலவு வைக்கக் கூடாதாம். மிஸிஸ் ஹார்ப்பரே அதைப் பெருமையாகச் சொன்னார். இலங்கையில் எங்கள் மருதமுனையில் பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வோம். இங்கே பல்லைக் கழற்றிவிட்டுப் பெண்ணைக் கொடுக்கிறார்கள். இந்த நாட்டுப் பல் வைத்தியர் எவரிடமும் வாய் திறப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது, முதல் பிள்ளை. ஒரு காலையில் வழக்கம் போல விரலால் பல் துலக்கித் துப்பினேன். வெள்ளைப் பீங்கான் தொட்டியில் இரத்தம். மறுநாளும் அப்படியே. பல் முரசு, அந்த ஈறுச் சதை, தடித்து, தொட்டால் நொந்தது. ஊரில் எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன், ஒருத்திக்கும் வாயில் இரத்தம் வந்து நான் கண்டதில்லை. ஆகவே இது இந்த நாட்டு நோய். குழாய்த் தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள், அல்லது அந்த கிளாஸிலிருந்து ஏதோ தொற்றியிருக்கிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் அது இறங்கிவிடுமோ என்று பயந்து செத்தேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. புண்ணைத் தேய்ப்பார்களா? பல் துலக்குவதை விட்டுவிட்டு உப்புத் தண்ணீரால் மட்டும் கொப்பளித்தேன். இரத்தம் கூடியது.

உம்மா என் கடைசித் தங்கை றகுமாவைச் சுமந்திருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓங்காளத்துக்கு நல்லது என்று விடிந்ததிலிருந்து வெற்றிலைதான். முற்றத்து வேலிக்கப்பால் தறிகள் ஓடும், உம்மா கதைத்துக்கொண்டே பித்தளைப் படிக்கத்தில் துப்புவா. றகுமா பிறந்தபோது உம்மாவுக்கு முன்பற்களே எஞ்சியிருந்தன. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது என்று பெண்கள் சிரித்துக்கொண்டே கதைப்பார்கள். அந்தச் சிவந்த வாய் எனக்கு எப்போது வரும் என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

கிளினிக் நேர்ஸ் ஒருநாள் என் வாயைப் பார்த்துவிட்டு ஒரு துண்டு எழுதித் தந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பல் வைத்தியம் இலவசமாம். ‘இலவசம்’ என்றதும் என் சந்தேகம் இரட்டித்தது. ஆனாலும் பிள்ளையை நினைத்துப் போனேன். பல் டொக்டர் கதிரையில் என்னைச் சாய்த்தபோது நான் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, பிடுங்க வேண்டாம் என்பதற்கு “நோ புல்” என்றேன். டொக்டர் நரைத்த மனிதர், பொறுமைசாலி. “நோ புல், ஒன்லி கிளீன்” என்றார். சுரண்டிச் சுத்தம் செய்தார். பிறகு ஒரு பிரஷ்ஷைத் தந்து, இரத்தம் வருகிற இடத்தில்தான் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்று கையால் காட்டினார். மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பிரஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்தேன். வெளுத்த, முரட்டு மயிர்கள். ஒன்றைப் பிடுங்கி காஸ் அடுப்பில் காட்டினேன். கருகிச் சுருண்டு, தலைமயிர் பொசுங்கும் நாற்றம்.

“என்ன புள்ள, என்ன கருகுது?” என்று என் கணவர் ஓடிவந்தார்.

“பண்டி மயிரு. இஞ்ச பிரஷ்ஷுக்கு அதத்தான் வைக்கிறாங்களாம். என்ட வாய்க்குள்ள போடத் தந்திரிக்கான்.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு தன்னுடைய பிரஷ்ஷைப் பார்த்தார். அதன் பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தேன். “டூ ஹார்ட்?” என்று கேட்டு, இன்னும் மிருதுவான மயிர் வைத்த ஒன்றை நீட்டினார். நான் இரண்டடி பின்னால் போய், “பிக்!” என்றேன். அவருக்கு முகம் சிவந்தது, அவரைத்தான் பன்றி என்று திட்டுகிறேன் என எண்ணியிருக்க வேண்டும். நான் மயிரைத் தொட்டுக் காட்டி, “பிக். ஐ முஸ்லிம்” என்ற பிறகுதான் விளங்கியது. மன்னிப்புக் கேட்டு, மேசை லாச்சியை இழுத்துக் கிளறி நைலோன் பிரஷ் ஒன்றைத் தேடித் தந்தார். வீட்டுக்கு வந்து அதிலும் ஓர் இழையை எரித்துப் பார்த்தேன். உருகி மணியாய்த் திரண்டது, மயிர் நாற்றம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பயந்து பயந்து தேய்த்தேன். சில கிழமைகளில் பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. கடைசித் தடவை போனபோது டொக்டர், பிள்ளைத்தாய்ச்சிகள் நிறையப் பேருக்கு இப்படி வரும், எந்த நாடானாலும் வரும் என்றார்.

விட்டுக்கொடுக்க மனமில்லை. “நொட் இன் மை கன்ட்ரி,” என்றேன்.

“உங்கள் ஊர்ப் பெண்கள் ஏதும் மெல்லுவார்களா?”

“வெற்றிலை.”

“துப்பினால் என்ன நிறம்?”

“சிவப்பு,” என்றேன். உம்மாவின் பித்தளைப் படிக்கம் கண்முன் வந்தது. அந்தச் சிவப்பில் இரத்தம் கலந்திருந்தாலும் யாருக்குத் தெரிந்திருக்கும்? டொக்டர் என் கையில் மெதுவாகத் தட்டினார்.

றகுமாவும் தலைப்பிள்ளையைச் சுமக்கிறாள், மூன்று மாதம் என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. நைலோன் பிரஷ் ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் விளக்கி எழுதி, பார்சலில் அனுப்பினேன். மறுமொழி வந்தது: “ராத்தா, எனக்கு ரெத்தம் கித்தம் ஒண்டும் வாறல்ல. நான் நல்லா வெத்தில போடுறன். அந்த நாட்டுச் சாமான் என்ன மயிரோ ஆரு கண்ட? தறியில பாவு நூலுக்குக் கஞ்சி பூச நல்லாரிக்கெண்டு உம்மா எடுத்திட்டா. வாய்க்கு நீங்களும் இதப் போடுங்க.” கூடவே ஒரு பொட்டலம் காய்ந்த பாக்கும், சிறு டப்பியில் சுண்ணாம்பும்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் மயிரை எரித்துப் பார்த்தவள்தானே. ஆனால் அவளுடைய பற்களை நினைத்து அழுதேன்.

இன்று காலை பாக்கில் ஒரு துண்டை வாயில் போட்டுச் சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டேன். அந்த வாசத்தில் குளியலறை முழுக்க உம்மா நின்றா. துப்பினேன். வெள்ளைப் பீங்கானில் சிவப்பு. இத்தனை காலம் ஏங்கிய அந்தச் சிவப்பு. உடனே கொப்பளித்து, பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துத் துப்பி, தொட்டிக்கு மேல் குனிந்து நின்றேன். தண்ணீர் சிவந்து ஓடிக்கொண்டேயிருந்தது. அதில் எது பாக்கின் சிவப்பு, எது என்னுடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.