கறை தெரியாத துணி

பயிற்சியின் முதல் நாள், ஏன் மருத்துவச்சியாக வந்தீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டார். சேவை, புண்ணியம், சின்ன வயதுக் கனவு என்று ஆளுக்கொன்றாய் அள்ளி விட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் சேவை என்றேன். உண்மையில் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்து, டாக்டராவதற்குப் புள்ளி போதாமல், நர்ஸ் பயிற்சிக்கும் பெயர் வராமல், கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நான். அதே கடையில் கிளார்க்காக இருந்த அப்பாதான் பத்திரிகையில் மருத்துவச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"கவர்மென்ட் வேலை. பென்ஷன் இருக்கு. போட்டுத்தான் பாரேன்."

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மடவளை ஊர்க்காரர். முப்பதை நெருங்கியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவதுபோல் அவரை ராத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் எழுந்து, "ரெண்டாவது புள்ள பொறக்கக்குள்ள ரத்தம் போய், சாகப் பாத்தன். எப்படித் தப்பின எண்டு தெரிஞ்சுகொள்ள வந்தன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்களுடைய சேவையெல்லாம் காற்றில் போய்விட்டது. அவர் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

பயிற்சி தொடங்கி எட்டாவது மாதம், கண்டிக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் இருந்தோம். அலவத்துகொடையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இருபத்தொரு வயது, தலைப்பிரசவம். மாமியார் வெளியே வாங்குப் பலகையில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். வலியின் நடுவிலும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"ஆம்புளயள் வந்தா என்னய மூடி வுடுங்க மிஸ். எனக்கி வெக்கமா ஈக்கி."

மூடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பகல் பதினொரு மணிக்குச் சற்று முன் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் அழுதது. நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது. பொறுப்பாக இருந்த சிங்களச் சிஸ்டர் என்னைத் தாயின் அருகில் நிறுத்தி, செய்ய வேண்டியதை விரல் மடக்கிச் சொன்னார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போர்வையைத் தூக்கிக் கீழே உள்ள துணியைப் பார்க்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று தொட வேண்டும். நாடி பிடிக்க வேண்டும். பிறகுதான் எழுத வேண்டும். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒரு பிரசவம் சிக்கலாகியிருந்தது.

நனைந்திருந்த வெள்ளைத் துணியை நான் எடுத்தபோது, "எங்கட துணிய விரிங்க மிஸ், வெள்ளயில பட்டா எல்லாருக்கும் வெளங்கும்" என்றாள் அந்தப் பெண். அவளுடைய பையைத் திறந்தேன். இடுப்பில் சுற்றிக்கட்டும் சீத்தைத் துணிகள், எல்லாமே மெரூன், கறுப்பு, கடும் நீலம். மாமியார் பார்த்துப் பார்த்து அடுக்கியவை. எனக்கு அது புதினமாகவே படவில்லை. எங்கள் வீட்டிலும் அந்த மூன்று நாட்களுக்கு அம்மா கறை தெரியாத பாவாடையைத்தான் எடுத்துத் தருவார். எந்த ஊர், எந்த மதமானாலும் இந்தப் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். மெரூன் துணியை மடித்து அவளுக்குக் கீழே விரித்தேன். மேலே இன்னொன்றைப் போர்த்தி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினேன். புடவைக் கடைக்காரி அல்லவா, ஒரு சுருக்கம் இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் தடவை ஒழுங்காகத் தூக்கிப் பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்கப் போகும்போது அடுத்த கட்டிலைச் சுற்றி டாக்டர்கள் கூடியிருந்தார்கள், தள்ளுவண்டியோடு இரண்டு ஆண் ஊழியர்களும் வந்திருந்தார்கள். அவள் போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் போர்வைக்கு மேலேயே வயிற்றைத் தொட்டேன். கெட்டியாக இருப்பதுபோல் இருந்தது. 'இயல்பு' என்று எழுதினேன். மூன்றாம் தடவையும் அப்படியே. நாடி கொஞ்சம் வேகமாக ஓடியது. தலைப்பிரசவம், பதற்றமாக இருக்கும் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். தாகமாக இருக்கிறது என்றாள், தண்ணீர் கொடுத்தேன்.

"தூக்கம் வருது மிஸ்."

"தூங்குங்கம்மா."

என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குழந்தைக்குத் துணி எடுக்க அந்தப் பக்கம் வந்த ராத்தா கட்டிலருகே நின்றார். "இவட உதட்டப் பாருங்க தங்கச்சி" என்றார். உதடு வெளுத்திருந்தது. ராத்தா யாரிடமும் கேட்கவில்லை, நான் செருகி வைத்த ஓரத்தை உருவிப் போர்வையைத் தூக்கினார். கீழே மெரூன் துணி மெரூனாகவே இருந்தது.

"ஒண்ணுமில்ல ராத்தா, சுத்தமாத்தானே இருக்கு?"

அவர் அவளுக்கு அடியில் உள்ளங்கையை விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு.

பிறகு நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. ராத்தா சத்தம் போட்டுக் கூப்பிட்டது தெரியும். சிஸ்டர் ஓடி வந்து வயிற்றில் கை வைத்தவுடன் அவர் முகம் மாறியதும் தெரியும். கருப்பை மாவுபோல் தொளதொளத்திருந்தது. அதை அழுத்தித் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன். ஊசி போட்டார்கள், இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினார்கள், ரத்தம் கேட்டு ஆள் ஓடியது. அவள் கண் திறப்பதை நிறுத்தியிருந்தாள். பின்பக்கக் கதவால் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டிலடியில் குழந்தையும் நானும்தான் மிஞ்சினோம். அது பசியில் கத்தியது. அதற்கு அம்மா இருப்பாளா என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம் வந்தது. மாமியார் கதவடிக்கு வந்து, "மருமகளுக்கி கொத்தமல்லித் தண்ணி தரலாமா மிஸ்?" என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் வாங்கில் உட்கார்ந்தார்.

சிஸ்டர் திரும்பி வந்து, வெள்ளைப் பேசினில் அந்தத் துணிகளைப் போட்டு என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். பேசின் முழுக்கச் சிவந்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றச் சொன்னார். மறுபடியும் சிவந்தது. பிறகு நான் எழுதிய தாளை எடுத்து, "பார்க்காமல் எழுதினாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம், பொய் நாக்கு நுனி வரை வந்தது. ராத்தா பக்கத்தில் நின்றார், என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. பார்க்கவில்லை என்றேன். அதையே அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்.

மூன்று மணிக்கு அவளை உயிரோடு கொண்டு வந்தார்கள். கருப்பையையும் காப்பாற்றிவிட்டார்களாம். நான் கழிவறைக்குள் போய் அழுதேன். அடுத்த ஒரு மாதம் எந்தப் பிரசவத்திலும் நான் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மட்டுமே என் வேலை.

அன்றைக்குப் பின்னேரம் பஸ் நிறுத்தத்தில் நின்று அப்பாவுக்குப் போன் அடித்து, கடையில் என் இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு, வந்திரு என்றார். பக்கத்தில் நின்ற ராத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போறதெண்டா போங்க. ஒங்கட எடத்துக்கு இன்னொருத்தி வருவா. அவ இதப் பாத்திருக்க மாட்டா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் ஏறியது வீட்டு பஸ்ஸில் அல்ல, விடுதிக்குப் போகும் பஸ்ஸில்.

நான்கு வருடம் கழித்து, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும்படி எனக்குக் கிடைத்த பிரிவில் அந்த அலவத்துகொடைப் பெண்ணின் வீடும் இருந்தது. கிளினிக்கில் என்னைக் கண்டவுடன் முகமெல்லாம் சிரிப்பாக மாமியாரைக் கூப்பிட்டாள்.

"மாமி, அண்டைக்கி எல்லாரும் நிக்கக்குள்ள என்னய மூடி வுட்டு மானத்தக் காப்பாத்தின மிஸ் இவங்கதான்."

இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஏழு மாதம், எட்டு மாதம் என்று தள்ளிப் போட்டேன். ஒன்பதாம் மாதம் வீட்டுக்குப் போனபோது ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக் காட்டினாள். மேலாக அதே மாதிரி மெரூன் துணி மடித்து வைத்திருந்தது. கதிரையில் உட்கார்ந்து, அன்று நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். நான் பார்க்காமல் எழுதியதையும் சொன்னேன்.

"அப்ப நீங்க மூடினதாலயா எனக்கி அப்படி ஆன?"

"ரத்தம் போனது என்னால இல்ல. அது போறத யாரும் பாக்காம இருந்தது என்னாலதான்."

கேட்டுக்கொண்டிருந்த மாமியார் எழுந்து உள்ளே போனார். இனி இந்த வீட்டுக்கு வராதே என்று சொல்லத்தான் போகிறார்கள் என்று என் பையை எடுத்துக்கொண்டேன். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் இரண்டு வெள்ளை விரிப்புகளோடு வந்து அவற்றை மருமகளின் மடியில் வைத்தார். அவள் மெரூன் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். பிறகு கர்ப்பிணி அட்டையை என்னிடம் நீட்டினாள்.

"அடிக்கடி தூக்கிப் பாக்கச் செல்லி எழுதுங்க மிஸ். பாத்துட்டு மூடி வுடச் செல்லியும் எழுதுங்க."

இரண்டையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.