வெடிப்பு மேலே, வீடு கீழே

மேலிடத்தில் கேட்டால் கீழே கையைக் காட்டவும், கீழே இருப்பவர்கள் கேட்டால் மேலே கையைக் காட்டவும் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஓவர்சியர் என்று பெயர். காரைக்குடிப் பக்கத்து ஜில்லா போர்டுப் பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த உத்தியோகத்தில் நான் ஓர் இஞ்சினீயரிடம் மாரடித்தேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருந்தால் நான் சொல்வது சுலபமாக விளங்கும்.

பங்கு பிரித்த கரை

மானகிரிக்கு அப்பால் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே கண்மாய்க் கரைமேல்தான் வண்டிப் பாதை. கரை ஜமீனுக்குச் சொந்தம். அதன் தலையில் ஓடும் பாதை போர்டுக்குச் சொந்தம். மாசி மாதம் சைக்கிளில் போகையில் முன்சக்கரம் ஒரு வெடிப்பில் இறங்கி நான் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் வெடிப்பு கரையின் நீளவாக்கில் ஓடுகிறது. கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று.

கரைக்கு நேர் கீழே கருப்பாயியின் குடிசை. அவள் புருஷன் வாதம் வந்து கயிற்றுக் கட்டிலோடு கிடந்தான். நான் விழுந்ததைப் பார்த்துச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள், "ஐப்பசி வந்தா கண்மாய் பெருகிரும். தண்ணி வருதுன்னா நான் ஓடிருவேன். இவுகளை யாரு தூக்குறது? மழைக்கு முன்னாடி அடைச்சுக் குடுங்கய்யா" என்று கும்பிட்டாள். அன்றைக்கே இஞ்சினீயரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெடிப்பு மேலேயிருந்து கீழே போகிறதா, கீழேயிருந்து மேலே வருகிறதா? மேலேயிருந்து என்றால் நம்முடையது. கீழேயிருந்து என்றால் ஜமீனுடையது. அதைப் பார்த்துக்கொண்டு வாரும்."

சித்திரை விஜயம்

அதிகாரிகள் கண்மாய் பார்க்க வருவது எப்போதும் சித்திரையில்தான். பாதையில் சேறு இருக்காது, இளநீர் கிடைக்கும். நான் நச்சரித்ததில் இஞ்சினீயரும் வந்தார், ஜமீன் மராமத்துக் குமாஸ்தாவும் வந்தார். குமாஸ்தா கரையடியிலேயே நின்றுகொண்டார். மேலே ஏறினால் வெடிப்பைப் பார்த்ததாகிவிடுமாம். இஞ்சினீயர் கீழே இறங்கவில்லை. இறங்கினால் கரையைப் பற்றிப் பேசவேண்டி வருமாம்.

நடுவில் நான் ஏறி இறங்கினேன். "அடிமண் இளகியிருக்கிறது, அது ஜமீன் பாடு என்று சொல்லும்" என்றார் மேலே நின்றவர். "பாரவண்டி ஓடித்தான் கரை பொளந்துச்சு. பாதை போடுறதுக்கு முன்னாடி நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் கீழே நின்றவர். கருப்பாயி வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் இஞ்சினீயர், கண்மாய்க்குள் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகளைக் காட்டி என்னிடம் சொன்னார்: "குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் வெள்ளத்தைப் பற்றி என்னய்யா பேச்சு?"

சரளை

ஆவணியில் ஓர் உத்தரவு வந்தது. பாதை நம்முடையது, ஆகவே பாதையை மட்டும் செப்பனிட வேண்டும். வெடிப்பைத் தோண்டிக் களிமண் இட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால் அது கரை மராமத்தாகிவிடும், செய்யக் கூடாது. மேலே சரளை பரப்பினோம். வண்டிகள் குலுங்காமல் போயின. வெடிப்பு கண்ணுக்கே தெரியவில்லை. இஞ்சினீயருக்குப் பரம திருப்தி.

வேலை முடிந்து கூடைகளை வண்டியில் ஏற்றும்போது கருப்பாயி கரைமேல் ஏறிவந்தாள். சரளையைக் காலால் ஒதுக்கிப் பார்த்தாள். "புண்ணை ஆத்தாம பொட்டு வச்சிட்டுப் போறீகளேய்யா" என்றாள்.

ஐப்பசி

அந்த வருஷம் பார்த்து அடைமழை. காரைக்குடி செக்காலையில் நான் குடியிருந்த வீட்டுக்கு ஆள் ஓடிவந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல பகல். ஊரே கரைமேல் நின்று வைக்கோல் கட்டையும் மண்ணையும் போட்டுக்கொண்டிருந்தது. சரளை மொத்தமும் வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. கீழே இருந்தவர்களெல்லாம் மேட்டுக்குப் போயாயிற்று, கருப்பாயியைத் தவிர.

ஓடிவிடுவேன் என்றவள் ஓடவில்லை. நாலு பேர் இறங்கிப் போய்க் கட்டிலோடு அவள் புருஷனைத் தூக்கினார்கள். அவளும் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேட்டுக்கு வருமுன் கரை உடைத்துக்கொண்டது. மறுநாள் வயல் வரப்பில் அவன் உடலை எடுத்தோம். அவள் ஒரு பனைமரத்தடியில் ஒதுங்கி உயிரோடு இருந்தாள். கட்டில் சட்டம் கையில் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. தூக்கப் போன நாலு பேரில் ஒருவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நாங்க விட்டுட்டோம்யா. கருப்பாயி விடலை."

விசாரணை

தண்ணீர் வடிந்ததும் இரண்டு பேரும் வந்தார்கள். உடைப்பின் இந்தப் பக்கம் இஞ்சினீயர், அந்தப் பக்கம் குமாஸ்தா. நடுவே ஒரு வீடு கொள்ளும் பள்ளம். வெடிப்பு எங்கே என்று இஞ்சினீயர் கேட்டார். கரையோடு போய்விட்டது என்றேன். இருவர் முகத்திலும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரே நிம்மதிக் களையைப் பார்த்தேன்.

சாட்சி வேண்டுமே என்று கருப்பாயியை அழைத்துவரச் சொன்னார்கள். "பயப்படாமல் சொல்லு. தண்ணீர் பாதைக்கு மேலே வழிந்து வந்ததா, கரைக்கு அடியிலே பீறிக்கொண்டு வந்ததா?" என்று இஞ்சினீயர் கேட்டார். அவள் இந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்தாள். பிறகு பள்ளத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மேலயும் வரலை, கீழயும் வரலை சாமி. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்துச்சு."

பிறகு ஜமீன் கரையைக் கட்டியது, போர்டு பாதையை வேறு வழியாகத் திருப்பிக்கொண்டது. ஆகவே இனி அங்கே வெடிப்பு விட்டால் அது யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை, அதற்குக் கீழே குடியிருக்கிறவர்களுடையது.