அக்கா ஒட்டிய டேங்க்

"அஞ்சு வருஷத்துக்குக் கீறலே விழக் கூடாதுங்கறாங்க. அதுக்கு ஒரே ஒரு ராத்திரி வண்டிய விட்டுட்டுப் போங்கன்னா மாட்டேங்கறாங்க. என்ன மாதிரி ஆளுங்கடி இவங்க?"

அக்கா இப்படி என்னிடம்தான் கேட்டாள். அப்போது நான் பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன செய்வது என்று புரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "நீ யோசிச்சுக் கிழிச்ச" என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவப் போனாள்.

அக்காவுக்கு ஒரு பைக் ஷோரூமில் வேலை. புது வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் கண்ணாடி போலத் தெளிவான ஃபிலிம் ஒட்டித் தருவாள். முன்னால் போகும் லாரியின் டயரிலிருந்து தெறிக்கும் சரளைக்கல், பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து எல்லாம் அந்த ஃபிலிமில்தான் படும். அடியில் பெயிண்ட் பத்திரமாக இருக்கும்.

அவள் அங்கே சேர்ந்தது என்னவோ போன் எடுக்கத்தான். வாசலை ஒட்டி போன் மேஜை. பின்பக்கம் தூசி வராத சின்ன அறையில் ஃபிலிம் வேலை. அங்கே இருந்தவர் வேலையை விட்டு நின்றுவிட்டதும், "நான் ஒட்டறேன் சார்" என்று மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் சிரித்தார். அன்றிலிருந்து வெட்டிப்போட்ட ஃபிலிம் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தாள். பழகுவதற்கு டேங்க் மாதிரி வளைவு வேண்டும். எங்கள் வீட்டில் வளைந்திருந்த எதையும் அவள் விடவில்லை. குடம், குக்கர் மூடி, அப்பாவின் ஹெல்மெட். "என் தலை மட்டும் எதுக்குப் பாக்கி? அதுலயும் ஒட்டிரு" என்று அப்பா தன் வழுக்கையைக் குனிந்து காட்டினார். குடத்தின் கழுத்தில் சுருக்கம் விழாமல் ஒட்ட வந்த பிறகு, குடத்தையே தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தாள். அறைச் சாவி கைக்கு வந்தது.

வேலைக்குப் போடும் கோட்டைப் பட்டன் முதுகில் வரும்படி திருப்பித்தான் போடுவாள். குனியும்போது பட்டன் டேங்க்கில் உரசிவிடக் கூடாது. வண்டி கழுவும் அண்ணன் தினமும் கேட்பார்: "என்னம்மா, நீ வர்றியா போறியா?"

"உங்க பட்டன் கீறின டேங்க்கப் பாக்கத்தாண்ணே போறேன்."

டேங்க்கைக் கழுவித் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, அதன்மேல் ஃபிலிமை வழுக்கவிட்டு, ரப்பர் தகட்டால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்ற வேண்டும். எவ்வளவு தள்ளினாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே தங்கும். அது காய ஒரு ராத்திரி ஆகும். அதற்குள் வண்டியை எடுத்தால் குமிழி வரும், ஓரம் தூக்கும். தூக்கிய ஓரத்தில் மணல் புகுந்தால் முடிந்தது கதை. பாதுகாக்க வந்த ஃபிலிமே அந்த மணலை வைத்துப் பெயிண்டைத் தேய்க்கும்.

மேனேஜருக்கு இது தெரியாமல் இல்லை. "இன்னிக்கு வண்டி எடுக்க வந்தவர நாளைக்கு வான்னா, எதிர் ஷோரூமுக்குப் போயிருவாரும்மா" என்பார். ஈரத்தோடு வண்டிகள் போயின. குமிழியோடு திரும்பி வந்தன. இரண்டாவது புகார் வந்த அன்று அவளைக் கூப்பிட்டு, "இன்னொண்ணு வந்தா நீ போனுக்கே போயிரு" என்றார். அன்று வீட்டுக்கு வந்துதான் என்னிடம் அப்படிக் கேட்டாள். இந்த மிரட்டலை வீட்டில் என்னைத் தவிர யாரிடமும் அவள் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அப்பா புது வண்டி வாங்கினார். வேறு எங்கே, அக்காவின் ஷோரூமில்தான். வண்டி எடுக்க நானும் கூடப் போனேன். அடர்நீல டேங்க். அக்கா அதை ஒட்டிய மாதிரி வேறெதையும் ஒட்டியிருக்க மாட்டாள். வேலை முடிந்ததும், "அப்பா, இன்னிக்கு வண்டி இங்கயே இருக்கட்டும். நாளைக்கு நானே ஓட்டிட்டு வந்துடறேன்" என்றாள்.

"பெரியப்பாகிட்ட இன்னிக்கே கொண்டுவந்து காட்டறேன்னு சொல்லிட்டேனே."

"பெரியப்பா எங்கயும் ஓடிப் போயிட மாட்டார்ப்பா."

"அட, எவனோ ஒட்டினதா, பிச்சுக்கிட்டு வர? என் பொண்ணு ஒட்டினது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சாவியைக் கொடுத்துவிட்டாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அப்பா பெட்ரோல் பங்க்கில் டேங்க்கை வழிய வழிய நிரப்பினார். மூடியைச் சுற்றிலும் நனைந்தது. பெரியப்பா வீட்டுக்குப் போகும் வழி முழுக்கச் சரளை ரோடு.

மறுநாள் அக்கா வேலைக்குப் போன பிறகுதான் அப்பா பார்த்தார். மூடிக்குப் பக்கத்தில் ஃபிலிம் நாய்க்காது மாதிரி எழும்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். உள்ளே கரகரவென்றது. உடனே வண்டியைக் கிளப்பினார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"அவளுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நேரா மேனேஜர்கிட்டயே போயிட்டேன். நாலு பேர் முன்னாடி காட்டினேன். 'கவனிக்கிறேன் சார்'னாரு. காசில்லாம வேற ஒட்டித் தர்றாங்களாம்!"

இது மூன்றாவது புகார். மேனேஜர் மிரட்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லி இனி என்ன ஆகப் போகிறது?

சாயங்காலம் அக்கா வேலைக்குப் போடும் கோட்டைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். தன்னை மறுபடி போனுக்கே அனுப்பிவிட்டதை அம்மாவிடம்தான் சொன்னாள், அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி.

"நான் புகார் குடுக்கலம்மா" என்றார் அப்பா. "சும்மா சொன்னேன்."

"அங்க வந்து சொன்னா அதுக்குப் பேரு புகார்தான்ப்பா."

"நான் வேணா இப்பவே போயி…"

"ஐயோ, வேணாம்! இன்னொரு தடவ நீங்க போனா என்னைக் கேட்டுக்கு வெளியவே நிக்க வச்சிருவாங்க."

அப்பா சட்டையைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார். அன்று யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இப்போது அக்கா போன் மேஜையில் இருக்கிறாள். பின் அறையில் ஒரு பையன் இவளைவிட வேகமாக ஒட்டுகிறான், அதே ஈரத்தோடு அனுப்புகிறான். புகார் குறையவில்லை. அதைக் கேட்டுக்கொள்வதுதான் இப்போது அவள் வேலை. "ராத்திரி விட்டுட்டுப் போனீங்களா சார்?" என்று கேட்டால், "அப்படி யாருமே சொல்லலையே" என்கிறார்களாம். அதையும் கேட்கக் கூடாது என்று மேனேஜர் தடுத்துவிட்டார். வாங்க வருகிறவர்களிடம் மேனேஜரே பேசிவிடுவதால், வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் அவள் வாயைத் திறக்கவே வழியில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அப்புறம் ஒன்று தோன்றியது. வாங்க வந்தவரே "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டால் எந்த மேனேஜர் மறுப்பார்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அண்ணனோ, மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ டேங்க்குக்கு ஃபிலிம் ஒட்டப் போனால், போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வண்டியே இல்லை என்றாலும் பரவாயில்லை, வண்டி வாங்கப் போகிற ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் சொல்லி, அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.