மாப்பிள்ளைக்கு ஏன் மூச்சு வாங்கியது?

“மேடம், எனக்கு ஹார்ட்டுல கோளாறுன்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டாவ!”

பிசியோதெரபியில் தலை நரைத்தவள் நான். நாகர்கோவிலில் என் கிளினிக்குக்குள் மணிகண்டன் இப்படிக் கத்திக்கொண்டே நுழைந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கு இருந்த ஒரே கோளாறு முழங்காலில். பைக் விபத்துக்குப் பிறகு வலது முழங்கால் மடங்காது.

மடங்காத காலை எடுத்து வைக்கும்போது விரல் தரையில் இடிக்கும். அதனால் உடம்பே ஒரு வழி கண்டுபிடித்து, காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் வீசிப் போடும். எங்கள் பாஷையில் சர்கம்டக்‌ஷன். பார்க்க அழகில்லை. ஆனால் மணிகண்டனுக்கு அதைவிடச் சிக்கனமான நடை வாய்க்கவில்லை.

அந்த வீச்சைப் பார்த்தே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது, அஞ்சுகிராமத்துப் பெண். அவள் போட்டோவைப் பார்த்ததிலிருந்து பையன் தரையில் இல்லை. வீசாமல் நடக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று போன மாதம் வந்து நின்றான்.

நல்ல காலின் செருப்பில் கொஞ்சம் உயரம் வைக்கலாம் என்றேன்.

“வாசல்ல கழத்தணும்லா மேடம்?”

நியாயம்தான். மிச்சம் இரண்டு வழி: இடுப்பைத் தூக்குவது, இல்லையென்றால் நல்ல கால் நுனியில் எம்புவது. இரண்டிலும் அடிக்கு அடி உடம்பை மேலே தூக்க வேண்டும்.

“மக்கா, டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்க, ஒனக்குத் தெரியாததா? மைலேஜ் அடிவாங்கும். ரூமுக்குள்ள நாலடி போடு, அதுக்கு மேல வேண்டாம்” என்றேன். கேட்டால்தானே?

பெண் வீடு தென்னந்தோப்புக்குள். பெண் பார்க்கப் போன அன்று கார் ரோட்டோடு நின்றுவிட்டது. நம் மாப்பிள்ளை ஐயா தோப்பு முழுக்க எம்பி எம்பி ராஜநடை போட்டிருக்கிறார். போய் உட்கார்ந்தபோது சட்டை நனைந்து, வாய் பிளந்து, பேச்சே எழவில்லை. பெண்ணின் தாய்மாமா, “ஆஞ்சியோ பண்ணியாச்சா?” என்று கேட்டாராம். பிறகு ஈசிஜி எடுத்து அனுப்பியும், “மெஷினு ஆயிரம் சொல்லும்” என்றுவிட்டார்.

“நீங்க வந்து சொல்லுங்கோ மேடம்” என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஒழுங்காக வீசி நட என்று மிரட்டித்தான் காரிலிருந்து இறக்கினேன். வீசி வீசி நடந்தான். தாய்மாமா முகம் சுருங்கியது. நான் இடுப்பு, ஆக்சிஜன் என்று வகுப்பெடுத்தேன். அவர் கொட்டாவி விட்டார். இதுவும் போனால் பையன் நொறுங்கிவிடுவான்.

பெண்ணே முன்னால் வந்தாள். அவன் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்கு மூச்சு வாங்குனதுல எனக்க பேரக்கூட கேக்கல. இன்னைக்காவது கேளுங்கோ.”

கேட்டான். கல்யாணம் தை மாதம்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, ஒருவர் நடையைத் திருத்தும் முன், போய்ச் சேரும் இடத்தில் அவருக்கு என்ன வேலை என்று கேளுங்கள். அங்கே பேசவும் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும்.