தொட்டிலும் பெட்டியும் செய்த கைகள்

எங்கள் அப்பா ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய வீட்டுப் பெரியவர்கள் அப்பா செய்த பெட்டியில்தான் உறங்குகிறார்கள். அவரைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்று இருக்கிறது.

கம்பைநல்லூர் அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. மழை பொய்த்து நிலம் கைவிட்டபோது தச்சுவேலை பழகி, பாலக்கோட்டில் சவப்பெட்டிக் கடை வைத்தார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் பார்க்கப் போகமாட்டார். "நான் போனா அளவெடுக்க வந்துட்டான்னு பயந்துக்குவாங்கம்மா" என்று சிரிப்பார்.

கையில் குத்தும் மரச்சிலாம்பு ஒன்றுகூட நிற்காதபடி பெட்டியின் உட்புறத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். "உள்ள யாருங்க பாக்கப் போறாங்க?" என்று கேட்டால், "படுக்கறவங்க குத்துதுன்னு சொல்லமாட்டாங்க. நாமதான் பாக்கணும்" என்பார்.

தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீடு வந்திருந்தேன். தொட்டில் தருவது தாய்வீட்டுச் சீர். இத்தனை வேலை தெரிந்த மனிதர், சேலத்துக் கடையில் தொட்டிலுக்குச் சொல்லி வைத்திருந்தார். "பெட்டி செஞ்ச கைம்மா. சம்மந்தி வூட்டுல என்ன நெனப்பாங்க?"

கடைக்கு ஒரு விசிட்டிங் கார்டாவது அடிக்கலாமே என்று கைப்பேசியில் மாதிரி தேடினேன். ஏதோ வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் பக்கம் திறந்தது. பல தலைமுறைக்கு முந்தைய தொழில்காரர்களின் கடை அட்டைகள்! சவப்பெட்டிக்காரர் என்று போட்டுப் பார்த்தேன். வந்தது. ஓரமெல்லாம் பூவும் கொடியும்; நடுவில் கட்டில், தொட்டில், சவப்பெட்டி. மூன்றும் இங்கே செய்து தரப்படும் என்று அந்த மனிதர் தம் பெயரோடு அச்சிட்டிருந்தார். வாசித்துத் தமிழில் சொன்னேன்.

அப்பா விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அட ஆண்டவரே! பெட்டிக்காரன் கார்டக்கூடவா பத்திரமா வச்சிருக்காங்க! தொட்டிலும் அவரேதான், பெட்டியும் அவரேதான் பாரும்மா!"

அதன்பின் தினமும் தேடினோம். வேறு வேறு ஊர், வேறு வேறு கடை. பார்க்கப் பார்க்க எனக்கும் மலைப்பு அடங்கவில்லை. சேலத்துக்குப் போன் செய்து, தொட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அப்பா.

ஞானஸ்நானத்தன்று அவர் செய்த தேக்குத் தொட்டிலைச் சுற்றி உறவினர்கள் குசுகுசுத்தார்கள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். என் மாமியார் தொட்டிலின் உட்புறம் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "ஒரு சிலாம்பு இல்லீங்க சம்மந்தி. நீங்களே வந்து புள்ளையப் போடுங்க" என்றார். அப்பா விறுவிறுவென்று உள்ளே வந்து பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போட்டார். அவ்வளவு சந்தோஷம்.

கடைசி நாட்களில் அவரைப் பார்க்க ஊரே வந்தது. "நான் யாரையும் பாக்கப் போவல, என்னப் பாக்க எல்லாரும் வர்றாங்களே" என்று வியந்துகொண்டே இருந்தார். வந்த உங்கள் எல்லோருக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும், அப்பா கடைசியாகச் செய்து வைத்திருந்த பெட்டியைத் தோளில் சுமந்து வந்த கடைத்தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

என் மாமியாருக்குத் தனியாக ஒரு நன்றி. அப்பாவைக் கிடத்துமுன் அவர் எல்லோரையும் நிறுத்தினார். குனிந்து, பெட்டிக்குள் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார்.

"ஒரு சிலாம்பு இல்லீங்க சம்மந்தி. படுத்துக்கங்க."